ஊருக்கு ஒரு எதிர்க்கட்சி

"நம்ம ஊர்ல ஒரு டெமாக்ராட் முளைச்சிருக்கு! யாருன்னு சொல்லப் போறீங்களா, இல்லையா?"

துணைத் தலைவி டார்லா மேசையில் அடித்த அடியில் காபிக் கோப்பைகள் குலுங்கின. தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் குடியரசுக் கட்சியின் அவசரக் கூட்டம். தலைவர் லைல் டங்கர்ட் நிதானமாகக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது, முந்நூறு மாடு, இருபத்திரண்டு வருடத் தலைவர் பதவி. யாருக்கும் பயந்த ஆள் இல்லை.

ஹேவர்லி ஊரில் நூற்று நாற்பது வாக்காளர்கள். அத்தனை பேரும் ஒரே கட்சி. இவ்வளவு நாள் அதுதான் பெருமை. இப்போது அதுவே வினையாகிவிட்டது. வாக்குச்சாவடி மேசையில் இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எதிர்க்கட்சிக்காரராகப் பதிந்துகொண்டு ஒருவராவது பெயர் கொடுக்காவிட்டால், இந்த அதிபர் தேர்தலில் ஹேவர்லிக்குச் சாவடியே கிடையாது, எல்லாருக்கும் வாக்குச்சீட்டு தபாலில்தான் வரும் என்று தேர்தல் அலுவலகம் கடிதம் போட்டிருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. மணி நான்கரை. யாரோ ஒரு டெமாக்ராட் மத்தியானம் பெயர் கொடுத்துவிட்டதாகச் செய்தி கசிந்திருந்தது.

"ஆபீஸ்ல கேட்டா, 'அஞ்சு மணிக்குப் பட்டியல் ஒட்டுவோம், அவசரம்னா உங்க தலைவரையே கேளுங்க'ங்கிறாங்க. அப்ப உங்களுக்குத் தெரியும்!" என்றாள் டார்லா.

"தெரியும். அதுக்கென்ன இப்போ? சாவடி பொழைச்சுதில்ல, சந்தோஷப்படும்மா."

"சாவடி போனா போகட்டும்! தபால்ல போட்டுக்கலாம். டெமாக்ராட் கை என் ஓட்டுச் சீட்டு மேல படக் கூடாது. அஞ்சு மணிக்குள்ள அந்த ஆளைப் பிடிச்சு, பேரை வாபஸ் வாங்க வைக்கணும்."

லைலுக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். அன்று வழக்கத்தைவிட மோசம்.

"தபாலா? தபால்ல விதைக் கம்பெனி விளம்பரம் வரும். ஓட்டு வரலாமா? ஒரே நாள், அவனவன் ஊர், அவனவன் கால்ல நடந்து வந்து, பக்கத்து வீட்டுக்காரன் முன்னாடி கையெழுத்துப் போட்டு ஓட்டுப் போடணும். எங்கப்பா பனிப்புயல்ல டிராக்டர் ஓட்டிட்டு வந்து போட்டாரு. எங்கம்மா என்னை வயித்துல சுமந்துக்கிட்டு வந்து போட்டாங்க. நாப்பது வருஷமா இதைத்தானே நம்ம கட்சின்னு தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்? இப்ப ஒரு டெமாக்ராட்டுக்குப் பயந்து சாவடியை இழுத்து மூடச் சொல்றியே, வெக்கமா இல்ல?"

இப்படியே கால் மணி நேரம் ஓடியது.

"பிரசங்கம் போதும்ப்பா," என்றார் தீவனக் கடை கெர்ட். "போன வாரம் பத்திரிகைக்காரன்கிட்ட வேற உளறி வச்சிருக்கே. நம்ம வேட்பாளர் தப்பு பண்ணினா தப்புன்னுதான் சொல்வேன்னு!"

"இப்பவும் சொல்றேன். எழுதிக்கோ. வேட்பாளர் வருவார், போவார். நான் இங்கேயேதான் கிடக்கணும்."

டார்லாவுக்குத் திடீரென்று பொறி தட்டியது.

"கண்டுபிடிச்சுட்டேன்! அந்தப் புது டீச்சர், மிஸ் காயில்! டென்வர்லேருந்து மின்சாரக் கார்ல வந்து இறங்கினாளே, அவதான்! பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் என் கொழுந்தன். ஒரு போன் போட்டா அவளே ஓடிப் போய்ப் பேரை வாபஸ் வாங்குவா. இல்லன்னா திங்கக்கிழமை அவளுக்கு வேலை இருக்காது."

அவள் போனை எடுத்ததும் லைல் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"கீழே வை அதை! அந்தப் பொண்ணு இல்லை."

"அப்ப யாரு?"

"சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. ஓட்டுக்காக ஒரு சின்னப் பொண்ணோட பொழைப்புல கை வைக்கிறதுக்கா இந்தக் கட்சியை வளர்த்தோம்? போன் பண்றதுன்னா முதல்ல என்னைத் தாண்டிப் பண்ணு."

டார்லா போனைக் கீழே வைத்தாள். ஆனால் விடவில்லை.

"எதிர்க்கட்சிக்காரியைக் காப்பாத்துற தலைவர் நமக்கு வேண்டாம். பேரைச் சொல்லட்டும், இல்லன்னா ராஜினாமா பண்ணட்டும். சரிங்கிறவங்க கை தூக்குங்க!"

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியாக, தரையைப் பார்த்தபடி, கெர்ட்டின் கையும். முப்பது வருடச் சிநேகிதன்! லைலுக்கு நெஞ்சு வலித்தது. அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"எத்தனை கை?"

"ஏழு."

"எனக்கு ஆறுதான் தெரியுது. இன்னொரு தடவை எண்ணு. கட்சி விஷயம், தப்பு வரக் கூடாது."

"ஏழு! ஏழேதான்!"

"ஒவ்வொருத்தர் பேரா நோட்டுல எழுதிக்கோ. முழுப் பேர். அப்பா பேரும் சேர்த்து."

பல்லைக் கடித்துக்கொண்டு டார்லா எழுதி முடித்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து தாண்டியிருந்தது. இனிமேல் யார் நினைத்தாலும் பட்டியலைத் தொட முடியாது. லைல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ராஜினாமாதானே? தாராளமா எடுத்துக்கோ. டெமாக்ராட் யாரும் உக்காரக் கூடாத நாற்காலியில மத்தியானத்துலேருந்து நான் உக்காந்துட்டிருக்கேன்!"