காலிக் கட்டம்

நாற்பது வயதில் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்த மாசிலாமணியிடம், கிளார்க் பெண் பழைய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரே நாள், ஒரே தாய், இரண்டு ஆண் குழந்தைகள். இரண்டுக்கும் பெயர்க் கட்டம் காலி.

"இதுல நீங்க யாரு சார்?"

கூடப் பிறந்தவன் அந்த வாரமே இறந்துபோனான் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். வரிசை பின்னால் நெருக்கியது. செருப்புக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டியபடி அம்மாவுக்குப் போன் போட்டான்.

"நீ ரெண்டாவதுடா."

அப்பாடா என்றிருந்தது. இரண்டாவது வரியில் விரலை வைத்தான். கிளார்க் பெண் பேனாவைத் திறந்தாள்.

அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "மாசிலாமணின்னு மூத்தவனுக்குத்தான் பேரு வெச்சோம். அவன் போனதும் மனசு கேக்காம உன்னை அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டோம்."

"பேரைச் சொல்லுங்க சார், சாப்பாட்டு நேரமாச்சு."