மறைச்சுப் போனவன்

"தௌசீப் அகமது இங்கதானம்மா வேலை செஞ்சான்? பையன் எப்படி?"

ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்டில், ஷிஃப்ட் விட்டு வந்த பெண்களை நிறுத்திக் கேட்டார் அப்துல் வஹீத். மேல்விஷாரத்துக்காரர். பெண்ணைப் பெற்றவர். நிக்காஹுக்கு நாள் குறித்த பிறகு மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதாகக் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அய்ய, விஷயமே தெரியாதா பாய்?" என்றாள் மோகனா. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கண்ட கருமத்தைப் பாத்தான். துரத்திட்டாங்க."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கவே முடியாதாம். பிராக்ஸி சர்வர்னு ஒண்ணு. வேற எங்கயோ இருக்கிற கம்ப்யூட்டர் வழியா சுத்திப் போறது. இன்னா பாத்தான்னு தெரியல, மறைச்சுப் போனான்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு. நல்லதுக்கு எவனாவது மறைப்பானா, சொல்லுங்க?"

"கம்பெனிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பசை ஒட்டுற பேஸ்டிங்ல எக்ஸாஸ்ட் ஃபேன் இல்ல, நெடி தாங்காம பொம்பளைங்க மயங்கி விழுறாங்கன்னு ஷூ வாங்குற வெளிநாட்டுக்காரனுக்கு எவனோ புகார் எழுதிட்டான். அவனைத் தேடப் போய்த்தான் இவன் மாட்டினான். எதுக்குடா மறைச்சேன்னு மேனேஜர் கேட்டதுக்கு, அசிங்கப் படம் பாத்தேன்னு அவனே ஒத்துக்கிட்டான்!"

பெரியவர் முகம் செத்துப்போனது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஓரமாக நின்ற கிறிஸ்டினாவிடம் போனார். அவள் பேஸ்டிங்கில் ஷூவுக்கு சொல்யூஷன் பசை தடவுகிறவள். கழுத்தில் சிலுவை.

"நீ சொல்லும்மா. ஆண்டவனுக்குப் பயந்து சொல்லு. அவர் எந்தத் தப்பும் செஞ்சிருக்க மாட்டார்னு என் பொண்ணு சாப்பிடாம அழுவுது. நல்லவன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், கல்யாணத்தை நடத்திடறேன்."

கிறிஸ்டினா வாயைத் திறந்தாள். கேட்டுக்கு உள்ளே மேனேஜர் கார் நின்றிருந்தது. கண்ணாடி இறங்கியிருந்தது. வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். இவள் சம்பளம் நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

"வேற எடம் பாருங்க பாய்," என்றாள்.

பெரியவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

"கரெக்டா சொன்னேக்கா," என்றாள் மோகனா. "ஒரு பொண்ணு வாழ்க்கையைக் காப்பாத்திட்டே."

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிறிஸ்டினா அழுதாள். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

"இன்னாக்கா, அந்தப் பொறுக்கிக்காகவா அழுவுறே?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தௌசீப் கடைசியாகப் பேசினது காதை விட்டுப் போகவே மாட்டேன் என்றது: "பயப்படாதீங்கக்கா. உங்க புகாரை மறைச்சுத்தான் அனுப்பியிருக்கேன். என் தலையே போனாலும் எழுதினது நீங்கன்னு வெளிய வராது."