பக்கத்தின் முதல் வார்த்தை

"அப்பாவ வச்சா வித்தை காட்டணும்? உனக்கு வேற ஆளே கிடைக்கலியாடா?"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தம்பி ஆஸ்பத்திரி வார்டின் நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் தன் கறுப்புப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். மேடையில் போடும் அதே பளபளக்கும் கோட்டு.

ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் அப்பா. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு மூடிய வாய். அதற்குப் பிறகு ஒரு சொல் கிடையாது. சாப்பாடும் குறைந்துகொண்டே வந்து, இப்போது ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அக்கா கெஞ்சிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்துவிட்டாள்.

"தொண்டையில ஒரு கோளாறும் இல்லம்மா. அவரா மனசு வச்சு வாயத் திறந்தாத்தான் உண்டு. இல்லேன்னா நாளைக்கு மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகணும்" என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்த லட்சணத்தில் இவன் வித்தை காட்ட வந்து நிற்கிறான்! அதுவும் மகனின் இந்தத் தொழில் அப்பாவுக்கு அறவே பிடிக்காது. அவர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்தவர். பஸ் டிக்கெட்டானாலும் சரி, மருந்து அட்டையானாலும் சரி, கையில் கிடைத்ததில் தப்பைக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "நான் தப்பில்லாம இருக்கணும்னு உழைச்சேன். இவன் ஊரை ஏமாத்தணும்னு உழைக்கிறான்" என்பார்.

"சீக்கிரம் முடிங்க. பெரிய டாக்டர் வந்துட்டா எனக்குத்தான் திட்டு" என்றாள் நர்ஸ்.

தம்பி ஆரம்பித்தான். கைக்குட்டை நிறம் மாறியது. காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த வேன் டிரைவரின் காதிலிருந்து ஒரு நாணயம் வந்தது.

"அப்படியே என் மாவுக்கட்டையும் மாயமாக்கிடுப்பா, புண்ணியமாப் போகும்!" என்றார் டிரைவர். வார்டே சிரித்தது. அப்பா மட்டும் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தம்பி பெட்டியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தான்.

"அப்பா, உங்களுக்குப் பிடிச்ச பக்கத்தத் திறங்க. அந்தப் பக்கத்தோட மொத வார்த்தைய மனசுல நினைச்சுக்கங்க. வாயத் திறக்க வேண்டாம். நானே சொல்லிடுறேன்."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

அப்பா அசையவில்லை. ஆனால் அச்சடித்த காகிதத்தைக் கண்டால் அந்த விரல்கள் சும்மா இருக்குமா? மெல்லப் புத்தகத்தைத் திறந்தார். கண்கள் ஒரு வரியில் ஓடின. மூடினார்.

தம்பி திரும்பினான். நெற்றியில் விரலை வைத்துக்கொண்டான்.

"மேகம்."

அப்பாவின் புருவம் சுருங்கியது. தலை ஆடவில்லை.

"இல்லியா? இருங்க, இருங்க... கண்ணாடி!"

"தம்பி, நாணயம் வரைக்குந்தான் பாடம் படிச்சீங்களா?" என்றார் டிரைவர். மறுபடியும் சிரிப்பு. அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எத்தனையோ மேடை ஏறியவன், ஒரு நாளும் சறுக்கியதில்லை. அம்மா போன துக்கம் இவனையும் இப்படி ஆட்டிவைக்கிறதே!

"போதும்டா. வந்துடு" என்று அவன் கையைப் பிடித்தாள். உதறிவிட்டான்.

"பாலம்! பாலமேதான். எனக்கு நல்லாத் தெரியும். அப்பாவோட மனசு எனக்குத் தெரியாதா?"

வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அப்பாவின் கன்னம் துடித்தது. உதடு ஒட்டி, பிரிந்து, மறுபடி ஒட்டியது.

"தப்பு."

துருப்பிடித்த குரல். நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

"தப்பு! மூணும் தப்பு! ஏணி. மொத வார்த்தை ஏணி! அந்த வரியிலயே ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு, அத எவன் திருத்தினானோ! ஒரு தொழில்னு பண்ணா ஒழுங்காப் பண்ண வேண்டாமாடா? இத்தன பேர் முன்னாடி... அவ இருந்திருந்தா... இதுக்கும் கை தட்டிருப்பா..."

அதற்குமேல் முடியவில்லை. அம்மா போனதிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. தம்பி அவர் காலடியில் உட்கார்ந்து கையைப் பற்றிக்கொண்டான்.

"தப்புத்தாம்பா. மன்னிச்சுடுங்க."

வெகுநேரம் கழித்து அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தொண்டை காயுது. பால் இருந்தா குடு" என்றார்.

நர்ஸ் ஓடினாள். அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடவுளே, இனிமேல் குழாய் தேவையில்லை! தம்பி ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்ட, அப்பா அவனைத் திட்டிக்கொண்டே குடித்தார்.

பாவம், நாலு பேர் முன்னால் மூக்குடைபட்டு நிற்கிறான், நாமும் கடிந்து பேசிவிட்டோமே என்று மனசு கேட்காமல், அக்கா அவனுடைய சாமான்களைப் பெட்டியில் எடுத்து வைக்கத் தொடங்கினாள். புத்தகம் கைக்கு வந்தது. அந்த விட்டுப்போன புள்ளி எங்கே என்று பார்க்கும் ஆசையில், ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

முதல் வார்த்தை, ஏணி.

அட, சரியாக அதே பக்கம் அகப்பட்டுவிட்டதே என்று நினைத்தபடி அடுத்த தாளைப் புரட்டினாள். ஏணி. முன்னால் தள்ளினாள். ஏணி. கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கேயும் ஏணி.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் தப்பாகச் சொல்லவே முடியாத புத்தகத்தைக் கொண்டுவந்து, அவன் மூன்று முறை தப்பாகச் சொல்லியிருந்தான்.