டெலிவிஷன் மாமா

“யார் கேட்டாலும் ‘நான்தான் டெலிவிஷன் அக்கா’ன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.”

தேனி பஸ் ஸ்டாண்டுக் காப்பிக் கடையில், மதுரையிலிருந்து வந்து இறங்கிய நாடக நடிகை சொர்ணலதாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் மிளகாய் மண்டி சுந்தர்ராஜ். பக்கத்தில் அவர் மனைவி சுகிர்தம்.

“அக்கான்னா என்ன வேஷங்க?”

“மெட்ராஸ் டெலிவிஷன்ல, டி.வி. வந்த புதுசுல, பிள்ளைகளுக்குன்னு ஒரு நிகழ்ச்சி காமிச்சாகளாம். ஆட்டம், பாட்டு, மேஜிக், எல்லாம் நேரடி ஒளிபரப்பு. அதை நடத்தினது ஒரு அக்கா. அந்த அக்கா நீங்க.”

“டெலிவிஷனாங்க? நான் மெட்ராஸ்ல இருந்தப்ப...”

“உங்க கதை எதுக்கும்மா? சொன்னதை நடிங்க, போதும்.”

விஷயம் இதுதான். மறுநாள் பஜார் பள்ளிக் கமிட்டிக்குச் செயலாளர் தேர்தல். சுந்தர்ராஜை எதிர்த்து நிற்பவர் அய்யாத்துரை. மெட்ராஸில் சில வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிப் பாத்திரக்கடை வைத்தவர். கடையில் விற்ற பாத்திரத்தைவிட அவர் விட்ட பெருமூச்சு அதிகம். தேனியில் மாடிக்கு மாடி ஆன்டெனா முளைத்த நாளிலிருந்து பெருமூச்சு இரட்டிப்பாகிவிட்டது.

“இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியாய்யா? முன்கூட்டியே எடுத்து வச்சு, வெட்டி ஒட்டிப் போடுறாக. எங்க காலத்துல எல்லாம் நேரடி! ஒரு அடி பிசகினா மெட்ராஸே சிரிச்சுரும். ரெண்டு வருஷத்துல ஒரு அடி நான் பிசகினதில்ல. நானும் அக்காவும் உள்ள நுழைஞ்சாப் போதும், பிள்ளைக எந்திரிச்சு நின்னு கைதட்டும். என் மேல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேன்னு அழுகும். அது ஒரு காலம்!”

அந்தக் காலத்தில் தேனியில் டி.வி. கிடையாது. ஆகவே அவரைத் திரையில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்க்காததாலேயே எல்லாரும் நம்பினார்கள். தெருவில் அவர் போனால் தாய்மார்கள், “டெலிவிஷன் மாமாவுக்கு வணக்கம் சொல்லு” என்று பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள். பாட்டுப் போட்டிக்கு அவர்தான் நடுவர், மாறுவேடப் போட்டிக்கும் அவர்தான். ஓட்டும் அவருக்கே என்று பஜார் முடிவுகட்டிவிட்டது.

“அந்தாளு இந்தம்மாவைத் தெரியும்னு சொன்னாலும் மாட்டுவான், தெரியாதுன்னு சொன்னாலும் மாட்டுவான்” என்று மீசையைத் தடவினார் சுந்தர்ராஜ்.

“நீங்க பேசுறதை நாலு பேரு உக்காந்து கேட்டா, இந்த வேலையே வேண்டியதில்ல” என்றாள் சுகிர்தம்.

சாயங்காலம் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். மேடையில் அய்யாத்துரை, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, கேமரா எங்கோ ஒளிந்திருப்பதுபோல ஒரு பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

சுந்தர்ராஜ் மைக்கைப் பிடித்தார். “நம்ம மாமா வாய் ஓயாமச் சொல்ற அந்த டெலிவிஷன் அக்காவைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டியாந்திருக்கேன்!”

கைதட்டலுக்கு நடுவே சொர்ணலதா மேடையேறினாள்.

அய்யாத்துரை கண்ணாடியைக் கழற்றினார். அவளையே பார்த்தார். நாற்காலி பின்னால் சரிய எழுந்து ஓடிவந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அக்கா! எங்கக்கா போயிட்டீக? உங்களை நெனைக்காத நாளில்லையே!”

“தம்பி! நீயா? நல்லா இருக்கியாப்பா? முதுகுவலி தேவலையா?” சொர்ணலதாவும் அழுதாள்.

சொல்லிக்கொடுக்காத வசனத்தைக்கூட என்னமாய்ப் பேசுகிறாள் என்று சுந்தர்ராஜுக்கே உடம்பு புல்லரித்தது. ஆனாலும் காரியம் முக்கியம். மைக்கில் முழங்கினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! இந்தம்மா அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. மதுரையில நாடகம் போடுறவுக. இன்னைக்குக் காலையில காப்பிக் கடையில வச்சு அக்காவா ஆக்கினது நானு! முன்னப்பின்ன தெரியாத பொம்பளை கையப் பிடிச்சு அழுகுறாரே, இவரா டெலிவிஷன் மாமா? புளுகு மாமா!”

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் விசில் பறந்தது.

“ஏலே அய்யாத்துரை, பதில் சொல்லுடா!” என்று யாரோ கத்தினார்கள்.

அய்யாத்துரை, பிடித்த கையை விடாமல் சொர்ணலதாவிடம் மட்டும் குசுகுசுத்தார்: “அக்கா, சொல்லிறாதீக. என் மானமே போயிரும். புளுகன்னே இருந்துட்டுப் போறேன்.”

“என்னய்யா அங்கன ரகசியம்?” சுந்தர்ராஜ் மைக்கை அவள் வாயருகே நீட்டினார். “ஊரறியச் சொல்லுங்கம்மா. அந்த நிகழ்ச்சியை நடத்தின அக்கா நீங்களா?”

“இல்லைங்க. அவுக வேற.”

சுந்தர்ராஜ் இரண்டு கைகளையும் உயர்த்தி, செயலாளராகவே ஆகிவிட்டவர்போலக் கும்பிட்டார். கூட்டம் ஊளையிட்டது. அய்யாத்துரை தலை கவிழ்ந்து நிற்பதைச் சொர்ணலதாவால் தாங்க முடியவில்லை. மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

“என் தம்பியைப் புளுகன்னு சொன்னா நாக்கு அழுகிரும்! ரெண்டு வருஷம் அந்த நிகழ்ச்சியில வாரம் தவறாம நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தோம்.”

மண்டபம் கப்சிப்பென்று ஆனது. சுந்தர்ராஜின் கும்பிட்ட கை அப்படியே நின்றது. அய்யாத்துரை மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“பிள்ளைகளுக்காகத் துணியில ஒரு யானை தைச்சு வச்சிருந்தாக” என்றாள் சொர்ணலதா பெருமையோடு. “அதுல நான் முன்னங்காலு, தம்பி பின்னங்காலு.”