மோசமான சிப் யாருக்கு?

"இதைவிட மோசமான சிப் இருக்கிற போர்டு கிடையாதா?" என்று மெர்யா ஆபீஸ் ஸ்டோரில் கேட்டது ஜார்க்கோவின் காதில் விழுந்தது.

மெமரி சிப் என்றால் வரும்போதே அங்கங்கே சில கெட்ட இடங்கள் இருக்கும். அதற்கென்று மெர்யா தன் புரோகிராமில் மாற்று இடம் ஒதுக்கியிருந்தாள். ஜார்க்கோ தன்னுடையதில் சிப்பின் ஒரு மூலை விடாமல் நிரப்பியிருந்தான். மதியம் இரண்டு புரோகிராமையும் ஓட்டிப் பார்த்து மேலாளர் ரைமோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தோற்றவர் எல்லாருக்கும் இலவங்கப்பட்டை பன் வாங்க வேண்டும் என்பது அந்த ஔலு நகர ஆபீஸ் வழக்கம்.

இருவருக்கும் மெர்யாதான் போர்டு எடுத்துவந்து பெயர்ச் சீட்டு ஒட்டி வைத்தாள்.

"அந்த மோசமானதை யார் தலையில கட்டப் போற?" என்று கேட்டான் ஜார்க்கோ.

"மத்தியானம் தெரிஞ்சுடும்."

நமக்குத்தான் ஆப்பு என்று ஜார்க்கோ முடிவு கட்டினான். அவள் சாப்பிடப் போனதும் போர்டுகளின் பெயர்ச் சீட்டுகளை மாற்றி ஒட்டினான்.

மதியம் ரைமோ முன்னால் அவரவர் புரோகிராமை ஏற்றினார்கள். மெர்யாவுடையது ஓடியது. ஜார்க்கோவுடையது பாதியில் நின்றது.

மெர்யா அவன் போர்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள்.

"இது இங்க எப்படிடா வந்துச்சு? எவ்வளவு கெட்ட சிப்பா இருந்தாலும் என் புரோகிராம் ஓடும்னு காட்டத்தானே தேடிப் புடிச்சு எனக்குன்னு வச்சேன்?"

ரைமோ அந்தப் போர்டிலும் அவளுடைய புரோகிராமை ஏற்றச் சொன்னார். ஓடியது.

ஜார்க்கோ பன் வாங்கிவரக் கோட்டை மாட்டினான்.

"ரெண்டு தட்டு வாங்கிட்டு வா," என்றார் ரைமோ. "ஒண்ணு தோத்ததுக்கு, இன்னொண்ணு சீட்டை மாத்தினதுக்கு."