பூஜ்யத்துக்கு ஒரு கேடயம்

"பதினொண்ணு. ஒரே மாசத்துல பதினோரு பேருக்கு உங்க வார்டுல தொற்று. வெளியில தெரிஞ்சா காறித் துப்புவாங்க, நஜாத்."

டைரக்டர் டாக்டர் ரவூஃப் தாளை மேஜைமேல் வீசினார். மாதாந்தரக் கூட்டம். ஆஸ்பத்திரியின் பெரிய தலைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு தாம்பாளம் நிறைய பஸ்பூசா, பாகில் ஊறிய ரவை கேக்.

மூன்றாம் வார்டு தலைமை நர்ஸ் நஜாத் எழுந்து நின்றாள்.

"போன வருஷம் இதே மாசம் இருபத்தாறு, டாக்டர். இப்ப பதினொண்ணு."

"ஐந்தாம் வார்டைப் பார். அங்கேயும் ஆபரேஷன் கேஸ்தான். ஆறு மாசமா பூஜ்யம்."

"எங்ககிட்ட ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா, புண்ணுல சீழ் வெச்சா, அன்னிக்கே லேபுக்கு அனுப்பிடுறோம். தேடினாத்தானே டாக்டர் தெரியும்? இதைப் பத்தி வந்த ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம்..."

"கட்டுரை, கட்டுரை. நீ நர்ஸா, பேராசிரியையா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாம் வார்டு தலைமை நர்ஸ் இன்ஷிராஹ் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டாள்.

"நாங்க கட்டுரை படிக்கிறதில்ல டாக்டர். வேலை பாக்குறோம்."

அதற்கும் சிரிப்பு. பூஜ்யம் வாங்கிய வார்டுக்குக் கேடயம். ஃபோட்டோ. கைதட்டல். நானும் தட்டினேன்.

நான் இங்கே லேப் பொறுப்பாளர். பெயர் ஹம்தி. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆறு மாசத்தில் ஐந்தாம் வார்டிலிருந்து ஒரு சொட்டு சீழ்கூட என் லேபுக்கு வந்ததில்லை. அனுப்பினால்தானே கண்டுபிடிக்க? காய்ச்சல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவார்கள். முற்றினால் கெய்ரோவுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவன் கெய்ரோ கணக்கு. இவர்களுக்குப் பூஜ்யம். இது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம். அப்போது என் வாயில் பஸ்பூசா இருந்தது.

நஜாத் ஒரு மாதிரி பிறவி. காலையில் எட்டு மணிக்கு ஒரு தாளை வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவாள். "இவருக்கு இந்த மூத்திரக் குழாய் இன்னிக்கும் வேணுமா?" வேண்டாமென்றால் டாக்டரைக் கையெழுத்துப் போடவைத்து, அங்கேயே எடுத்துவிடுவாள். குழாய் ஒரு நாள் கூட இருந்தால் கிருமிக்கு ஒரு நாள் கூட என்பாள். நோயாளியின் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "பக்கத்து வார்டுல எல்லாருக்கும் குழாய் இருக்கு, எங்க அப்பாவுக்கு மட்டும் ஏன் புடுங்கினே?" பதினைந்து பேராக வந்து நோயாளியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிற ஊர் இது. அவள் வாசலில் கை சுத்தம் செய்கிற மருந்து பாட்டிலோடு நின்று ஒவ்வொருவர் கையிலும் ஊற்றுவாள்.

ஒரு நாள் டைரக்டர் கையிலும் ஊற்றினாள். அவர் வார்டைச் சுற்றிக் காட்டக் கூட்டிவந்த விருந்தாளிகள் முன்னால், "கையைச் சுத்தம் பண்ணிட்டுத் தொடுங்க டாக்டர்" என்றாள். அவள் செய்த உண்மையான குற்றம் அதுதான். பதினொன்று எல்லாம் சாக்கு.

கூட்டம் முடிந்து என் லேபுக்கு வந்தாள், கையில் இரண்டு சாம்பிள் குப்பியோடு.

"நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், அண்ணே."

"பேசி? நான் சொல்றதைக் கேள். ரெண்டு மாசம் சாம்பிள் அனுப்பாதே. நீயும் ஒரு கேடயம் வாங்கிக்கோ. அவர் வாயும் அடைஞ்சிடும்."

அவள் குப்பிகளை என் முன்னால் நீட்டினாள்.

"சரி. இந்த ரெண்டு பேர்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நஜாத்துக்குக் கேடயம் வேணுமாம், நீங்க கொஞ்சம் சீழோட இருங்கன்னு."

குப்பிகளை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், வெட்கம்தான்.

பத்து நாளில் செய்தி வந்துவிட்டது. ஆபீஸ் கிளார்க் மிட்வல்லி டீ கிளாஸோடு லேபுக்குள் நுழைந்தான்.

"நஜாத் கதை முடிஞ்சுது. தலைமை நர்ஸ் பதவி போச்சு. துணிக்கிடங்குக்கு மாத்தல்."

"பதினாலு வருஷம் அந்த வார்டுல இருந்தவளைப் போர்வை எண்ண அனுப்புறாங்களா?"

"ஆமா. அவ எழுதி வெக்கிற தொற்றுப் பதிவேடு, காலையில கட்டில் கட்டிலா கேக்குறது, அதெல்லாம் இனிமே இன்ஷிராஹ் பொறுப்பு. அதாவது கிடையாது. ஆர்டர்ல கையெழுத்துகூட ஆயிடுச்சு. தேதி மட்டும் இப்ப போடாதேன்னுட்டார் டைரக்டர். ஏன்னு தெரியல."

"நல்ல நாள் பாக்குறாரோ என்னவோ."

அதற்குள் ரத்தப் பரிசோதனைக் குப்பிகள் வந்தன. ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை. முதல் சீட்டிலேயே டைரக்டர் பெயர். பித்தப்பையில் கல், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன்.

"தெரியாதா உனக்கு?" என்றான் மிட்வல்லி. "ஐந்தாம் வார்டுல தனி அறைக்குத் திரை மாத்தி, பூ வெச்சு, இன்ஷிராஹ் ஒரு வாரமா கல்யாண வேலை பாக்குறா."

சீட்டைப் பார்த்தேன். மூன்றாம் வார்டு என்று இருந்தது. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள். டைரக்டர் விஷயத்தில் தப்பு வந்தால் என் தலைதான் உருளும். உடனே அவருக்கே ஃபோன் போட்டேன், மிட்வல்லியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"டாக்டர், உங்க சீட்டுல வார்டு தப்பா விழுந்திருக்கு. ஐந்தாம் வார்டுன்னு திருத்திடவா?"

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"திருத்தித் தொலைச்சிடாதே, ஹம்தி. எனக்கு நஜாத் வார்டுதான். மிட்வல்லியைப் பாத்தா சொல்லு, அவ மாத்தல் ஆர்டர்ல என் தையல் பிரிச்ச மறுநாள் தேதியைப் போடட்டும்."