சிங்காவின் முயல் தாவல்

மாடிப்படிக்குக் கீழே கூண்டில் இருந்த முயல் பஞ்சுவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பின்னே? கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்துவிட்ட பத்து மாத கிரேட் டேன் நாய் சிங்கா, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, அசல் முயல் மாதிரியே படியேறுகிறதே! அதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா ரோகிணி கைதட்டிச் சிரித்து பிஸ்கட் போடுவாள்.

ஒருநாள் சிங்கா கூண்டருகே வந்து படுத்தது.

"என்னைப் பார்த்துத்தானே தாவக் கத்துக்கிட்டே?" என்று மீசை துடிக்கக் கேட்டது பஞ்சு.

"இல்ல பஞ்சு. ஒவ்வொரு காலா எடுத்து வெச்சா இடுப்பு மூட்டுல உயிர் போகுது. ரெண்டையும் சேர்த்து வெச்சாத்தான் கொஞ்சம் தாங்குது."

பஞ்சுவின் வாயிலிருந்த கேரட் கீழே விழுந்தது. "ஐயோ, இத்தனை நாளும் வலியிலயா தாவுனே? அவங்களுக்குத் தெரியாதா?"

"தினமும் அவங்க கண்ணு முன்னாடிதானே ஏறுறேன். கைதட்டுறாங்க."

அதற்குள் மாடியிலிருந்து ரோகிணி கூப்பிட, சிங்கா எழுந்து தாவியது. பதறிப்போன பஞ்சு, ஆபத்தைக் கண்ட முயல்கள் செய்வதுபோல, பின்னங்காலால் கூண்டுத் தரையை ஓங்கி ஓங்கி அடித்தது.

"என்னங்க, சீக்கிரம் வாங்களேன்!" என்று கணவனை அழைத்தாள் ரோகிணி. "சிங்கா ஆடுறான், பஞ்சு தாளம் போடுது!"

இப்போது இரண்டு பேர் கைதட்டினார்கள்.